உயிர்மெய்த் தரை

என் பழைய மேசை நாட்காட்டியில், ஆகஸ்டு மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமைக் கட்டத்துக்குள், பென்சிலில் இப்படி எழுதியிருக்கிறது: "தரை போட்டாயிற்று. போட்டது சரோ. வீக்கம் இடப்பக்கம் குறைவு, வலப்பக்கம் அப்படியே. ஜெயித்தோம்." அதற்குக் கீழே, வேறொரு நாளில், மையில்: "யௌ எப்படி அங்கே போயிற்று?"

கையெழுத்து என்னுடையது. ஆண்டு மட்டும் இல்லை. நாட்காட்டியின் மேல்பாதியை யாரோ கிழித்து எதற்கோ பயன்படுத்தியிருக்கிறார்கள். மாண்ட்ரியலில் ஒலிம்பிக் மைதானத்துக்குக் கான்கிரீட் கொட்டிக்கொண்டிருந்த கோடைகளில் ஒன்று என்பதுவரை உறுதியாகச் சொல்லலாம். அதற்கு மேல் ஊகித்து எழுதுவது என் வழக்கமில்லை.

தொழிலுக்குப் புதிதாக வரும் பொறியாளர்களுக்கு அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதச் சொன்னார்கள். பாலங்கள் பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். பாலங்களில் எனக்குச் சிரிக்கும்படி எதுவும் நடக்கவில்லை.

1. தரையும் சிவில்தான்

திருச்சியில் சிவில் இன்ஜினீயரிங் முடித்து, மேற்படிப்புக்காக மாண்ட்ரியல் வந்தவன் நான். படிப்பு முடிந்தது, வேலை கிடைக்கவில்லை. ஆங்கில நிறுவனங்கள் டொராண்டோவுக்குப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தன. பிரெஞ்சு நிறுவனங்கள் என் பிரெஞ்சைக் கேட்டுவிட்டு, மிகுந்த மரியாதையோடு வாசல்வரை வந்து வழியனுப்பின. ஊரில் என் அப்பாவுக்குச் சிமென்ட் ஏஜென்சி இருந்தது. "கல்லாவில் உட்கார ஆள் இல்லை" என்று அவர் எழுதாத மாதமில்லை.

என் மனைவி சரோஜாவுக்கு அந்தக் கல்லா சொர்க்கமாகத் தெரிந்தது. கல்யாணத்துக்கு முன் அவள் ஸ்ரீரங்கத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. இரண்டாவது குளிர்காலம் முடிந்தபோதே ஒரு டிரங்குப் பெட்டியில் கோடைக்குத் தேவைப்படாத துணிகளை அடுக்கி வைத்துவிட்டாள். "எப்ப கிளம்பினாலும் ரெடியா இருக்கணும்ல" என்றாள்.

அந்த நிலையில்தான் நகர மையத்தில் இருந்த ஓர் உள்ளரங்கத்தில், ஒரு சீசனுக்கு மட்டும் தரைப் பொறுப்பாளர் வேலை கிடைத்தது. நேர்காணல் செய்தவர் அரங்க மேலாளர் மிஸ்டர் டக்ளஸ். எப்போதும் அணைந்த சுருட்டைக் கடித்துக்கொண்டு பேசுவார்.

"நீ சிவில் இன்ஜினீயர்தானே?"

"ஆமா சார்."

"தரை சிவில்தானே? திங்கட்கிழமை வந்துடு."

குளிர்காலத்தில் ஐஸ் ஹாக்கி நடக்கும் அரங்கம் அது. கோடையில் ஐஸை எடுத்துவிட்டு, மேலே மரத்தரை போட்டு, லக்ரோஸ் என்ற ஆட்டத்துக்கு ஒரு தொழில்முறை அணியைக் கொண்டுவந்திருந்தார்கள். இந்த மண்ணின் பூர்வகுடிகளின் ஆட்டம் இது. எங்கள் அணியிலேயே நான்கைந்து பேர் ஆற்றுக்கு அக்கரையிலிருந்த அவர்கள் ஊரிலிருந்து வந்தவர்கள். பக்கத்துக்கு ஆறு பேர். கையில் நீளக் குச்சி, குச்சி முனையில் வலைப் பை, பைக்குள் கெட்டி ரப்பர்ப் பந்து. பந்தை வைத்திருப்பவன் கையைக் குச்சியால் தட்டலாம். தட்டுவது என்று நான் எழுதுவது விதிப்புத்தகத்தின் சொல். கண்ணால் பார்த்தவர்கள் வேறு சொல் பயன்படுத்துவார்கள்.

முதல் ஆட்டம் பார்த்துவிட்டு வந்து சரோஜாவிடம் சொன்னேன்: "கபடியும் சிலம்பமும் வீட்டுக்குத் தெரியாம ஓடிப்போய் கல்யாணம் பண்ணிக்கிட்ட மாதிரி இருக்கு."

"இதையெல்லாம் டிக்கெட் வாங்கியா பாக்கறாங்க?" என்றாள்.

அவ்வளவாக வாங்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

2. இரண்டு மொழிகளுக்கு நடுவே

மரத்தரை என்பது ஒரே விரிப்பு அல்ல. நான்கு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய பெரிய பலகைகள். நீளவாக்கில் பதினெட்டு வரிசை, அகலவாக்கில் பன்னிரண்டு. எல்லாம் ஒரே சாம்பல் நிறம். பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. முதலில் போட்ட தச்சர், பலகைகளை இடத்தில் பரப்பிவைத்துத்தான் முளை அடிக்கும் துளைகளைப் போட்டிருந்தார். எனவே ஒவ்வொன்றும் தன் அண்டை வீட்டாரோடு மட்டுமே ஒத்துப்போகும்.

இந்தத் தரையை சீசன் முழுவதும் எடுக்கவும் போடவும் வேண்டியிருந்தது. இசைக் கச்சேரி வந்தால் எடுக்க வேண்டும், கண்காட்சி வந்தால் எடுக்க வேண்டும். பலகைகளின் அடிப்பக்கத்தில் அடையாளம் இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. அரங்க நிர்வாகம் தெற்கு முனையிலிருந்து ஆங்கிலத்தில் எண்ணியிருந்தது. கூலியாட்களின் மேஸ்திரி ரெயால், வடக்கு முனையிலிருந்து, இடம் வலம் மாற்றி, பிரெஞ்சில் எண்ணியிருந்தார். இரண்டு எண்களும் ஒரே வெள்ளைப் பெயின்டில். நான் சேர்ந்த முதல் வாரத்தில் தரை போட்டபோது, கோல் வட்டத்தின் ஒரு துண்டு மைதானத்தின் நடுவில் பிறை நிலாவாகக் கிடந்தது. "இது உங்க நம்பர்" என்றார் ரெயால். "இது உங்க ஆளோட நம்பர்" என்றார் டக்ளஸ். பேச்சு ஐந்து நிமிடத்தில் தரையை விட்டுவிட்டு மாகாண அரசியலுக்குப் போய்விட்டது.

மறுநாள் டக்ளஸ் என்னை அறைக்குக் கூப்பிட்டார். "எல்லாத்தையும் அழிச்சிட்டு நீயே புதுசா அடையாளம் போடு. இங்கிலீஷ்ல போட்டா ரெயால் ஆளுங்க வேலையை நிறுத்துவாங்க. பிரெஞ்சுல போட்டா என் முதலாளி என்னை நிறுத்துவாரு. ரெண்டும் இல்லாம ஏதாவது பண்ணு."

"எண் மட்டும் போட்டா?"

"ஒண்ணு எந்த முனையிலேர்ந்து ஆரம்பிக்கும்?"

நியாயமான கேள்வி. பதினெட்டு வரிசை, பன்னிரண்டு பத்தி என்று பெருக்கிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினாறு. அரங்கத்தில் நான் மட்டும் தனியாகச் சிரித்ததை ரெயால் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார்.

தமிழ் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பதினெட்டு மெய், பன்னிரண்டு உயிர். தெற்கு முனையில் கிழக்கு ஓரத்தில் 'க' தொடங்கி, வடக்கு முனையில் மேற்கு ஓரத்தில் 'னௌ' முடிந்தது. ஒரு பலகை மிச்சமில்லை, ஒரு பலகை குறையில்லை. மஞ்சள் பெயின்டில் மூன்று நாட்கள் எழுதினேன். ஆட்கள் பலகையை நிமிர்த்துவார்கள், நான் அடிப்பக்கத்தைப் பார்த்து இடம் காட்டுவேன். சண்டை நின்றது. டக்ளஸ் என் தோளில் தட்டி, "நியூட்ரல்! பிரமாதம்!" என்றார்.

அந்த அரங்கத்தில் என்னைத் தவிர வேறு யாருக்கும் தமிழ் தெரியாது என்பது அப்போது யாருக்கும் குறையாகத் தோன்றவில்லை. எனக்கு அது குறையாகத் தோன்றாததற்கு வேறு காரணமும் இருந்திருக்கலாம். சீசன் முடிவில் ஒரு நிரந்தரப் பணியிடம் வருவதாக டக்ளஸ் சொல்லியிருந்தார்.

3. செத்த பலகை

பதினோராம் வரிசையின் கடைசிப் பலகை 'யௌ'. வெளியூர் அணியில் தவறு செய்தவர்களை உட்காரவைக்கும் தண்டனைப் பெட்டிக்கு முன்னால், மரச்சுவரை ஒட்டிக் கிடக்கும். அதன் அடிப்பக்கத்தில் ஈரம் இறங்கி உள்ளே உளுத்துவிட்டது. மற்றப் பலகைகளில் பந்து நன்றாகத் துள்ளும், 'யௌ'வில் விழுந்தால் எழும்பாமல் வழுக்கிக்கொண்டு போகும். எங்கள் ஆட்டக்காரர்கள் பயிற்சியிலேயே இதைக் கண்டுபிடித்து அதற்கு 'லா மோர்த்', அதாவது செத்தவள், என்று பெயர் வைத்திருந்தார்கள். மாற்றுப் பலகை கேட்டு நான் மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். "அந்த ஓரத்துல யார் ஓடறா?" என்றார் டக்ளஸ்.

தினமும் இரவுச் சாப்பாட்டின்போது 'யௌ' பற்றி சரோஜாவிடம் புலம்புவேன். அவள் டெலிவிஷனில் பிரெஞ்சுத் தொடர் பார்த்துக்கொண்டிருப்பாள். எங்கள் குடியிருப்பு நகரின் அஹுன்ட்சிக் பகுதியில் இருந்தது. கீழே இருந்த தெப்பனேர் என்ற சில்லறை மளிகைக் கடைக்காரம்மாவிடம் பேசிப் பேசியும் தொடர் பார்த்துப் பார்த்தும் அவள் பிரெஞ்சு என்னுடையதைவிட வெகுதூரம் போயிருந்தது. நான் சொல்வது அவள் காதில் விழுகிறது என்று எனக்குத் தோன்றியதில்லை.

அணி தொடக்கத்தில் தோற்றது, நடுவில் ஜெயித்தது, பிறகு இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தது. கடைசியில் எல்லாம் ஓர் ஆட்டத்தில் வந்து நின்றது. ஆகஸ்டு கடைசிச் செவ்வாய், சொந்த அரங்கத்தில். ஜெயித்தால் அடுத்த சுற்று. தோற்றால் வீட்டுக்கு. ஆட்ட நேரத்துக்குத் தரை தயாராக இல்லையென்றால் ஆடாமலேயே தோற்றதாக எழுதிவிடுவார்கள்.

அந்த ஆட்டத்துக்கு முந்தைய வாரத்தை நிர்வாகம் ஒரு சர்க்கஸுக்கு வாடகைக்கு விட்டிருந்தது. யானைகள் இருந்ததால் தரையை எடுத்தாக வேண்டும். "யானை பத்தி உனக்குத் தெரிஞ்சிருக்குமே?" என்று டக்ளஸ் ஆர்வத்தோடு கேட்டார். கோயிலில் காசு கொடுத்து ஆசீர்வாதம் வாங்கிய அளவுக்குத்தான் பழக்கம் என்றேன். வரிசைப்படி அடுக்கிய பலகைகளைப் பின்கூடத்தில் வைத்தோம். சர்க்கஸ்காரர்கள் தங்கள் கூண்டுகளுக்கு இடம் வேண்டி அவற்றைத் தங்கள் இஷ்டப்படி மாற்றி அடுக்கியது எனக்குத் தெரியாது. ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கழுத்து வீங்கத் தொடங்கியது.

4. பொன்னுக்கு வீங்கி

குழந்தைகளுக்கு வரும் நோய் எனக்கு அந்த வயதில் வந்தது. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியிலிருந்து எங்கள் நண்பர் டாக்டர் சுந்தரம் காரில் வந்து பார்த்தார். இரண்டு கன்னங்களையும் அழுத்திப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"மம்ப்ஸ். வெளிய போகவே கூடாது, ரங்கநாதன்."

நான் ஆட்டம், தரை, செவ்வாய் என்று சொன்னேன். வாய் திறக்காததால் எல்லாம் ஒரே சத்தமாக வந்தது.

"அங்க இருபது ஆம்பளைங்க இருக்காங்க. இது அவங்களுக்குப் பரவினா எங்கெல்லாம் வீங்கும்னு சொல்லட்டுமா?" என்றார். சரோஜா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

செவ்வாய் காலை ஒன்பது மணிக்கு மேல் தொலைபேசி மணி அடித்தது. டக்ளஸ். சுருட்டு வாயில் இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

"எல்லாம் கலைஞ்சு கிடக்கு. மேல ஒரு பலகையில நண்டு மாதிரி ஒண்ணு போட்டிருக்க. அது எங்க போகும்?"

எந்த எழுத்தும் நண்டாக இருக்கலாம். நான் ஏதோ சொன்னேன்.

"என்ன சொல்றான்? யாராவது அவன் வாயிலேர்ந்து துணியை எடுங்க!"

சரோஜா என் கையிலிருந்து ரிசீவரை வாங்கினாள். கேட்டாள். "ஒன் மினிட்" என்று சொல்லி ரிசீவரின் வாயைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். டாக்டர் சுந்தரமும் இரண்டாம் முறை பார்க்க வந்து அங்கேதான் இருந்தார்.

"நான் போய்ப் படிச்சுச் சொல்லணுமாம். போகலைன்னா என்னங்க ஆகும்?"

"தரை வராது," என்றேன். ஒவ்வொரு சொல்லுக்கும் தாடை வலித்தது.

"வரலைன்னா?"

"வேலை போயிடும்."

"போனா?"

"திருச்சி."

சரோஜா மூலையிலிருந்த டிரங்குப் பெட்டியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தது போல எனக்கு இருந்தது. மூன்று வருடமாக அவள் கேட்டது நான்கு அடி தூரத்தில், கையை நீட்டாமலேயே கிடைக்கும்படி இருந்தது.

"சின்ன வயசுல உங்களுக்கு இது வந்திருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டாங்கிளாஸ்ல வந்துச்சு சார்."

"அப்ப போகலாம். போறதும் போகாததும் உங்க இஷ்டம்."

அவள் ரிசீவரில் "ஐ கம்" என்றாள். புடவையை ஏற்றிச் செருகி, கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு மெட்ரோவுக்குக் கிளம்பினாள். வாசலில் நின்று சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "திருச்சிக்குப் போறதுன்னா ஜெயிச்சுட்டுப் போவோம். தரை போடத் தெரியாம வேலை போச்சுன்னு உங்கம்மா கிட்ட யார் சொல்றது? நானா?"

5. தொலைபேசியில் கேட்டது

இனி எழுதுவது நான் கண்ணால் பார்த்ததல்ல. சரோஜா, ரெயால், டக்ளஸ் மூவரும் தனித்தனியே சொன்னதை ஒப்பிட்டு, பொருந்தியதை மட்டும் எழுதுகிறேன். நேரக்காப்பாளர் மேசையிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசி போட்டு, ரிசீவரை மேசைமேல் எடுத்து வைக்கும்படி சரோஜாவிடம் சொல்லியிருந்ததால் கொஞ்சம் நானும் கேட்டேன்.

புடவை கட்டிய பெண் வந்து நின்றதும் ரெயால், "மதாம், டிக்கெட் கவுன்டர் அந்தப் பக்கம்" என்றாராம்.

"டிக்கெட் உங்களுக்குத்தான் தேவைப்படும், மிஸ்யே. தரை இல்லைன்னா உக்காந்து வேடிக்கை பாக்க," என்று சரோஜா பிரெஞ்சில் சொன்னாளாம். ஆட்கள் சிரித்தார்கள். ரெயால் தொப்பியைக் கழற்றினார்.

நானாக இருந்தால் கையில் கிடைத்த பலகையை எடுத்து இடம் தேடியிருப்பேன். அதுதான் என் முறை. அவள் முதலில் ஒரு பலகையையும் போட விடவில்லை. எல்லாவற்றையும் நிமிர்த்திக் காட்டச் சொல்லி, க வரிசை இங்கே, ங வரிசை அங்கே என்று பதினெட்டு அடுக்காகப் பிரித்தாள். டக்ளஸ் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "எப்ப போட ஆரம்பிப்பீங்க?" என்று அவர் நான்காம் முறை கேட்டபோது, "நீங்க நடக்கறதை நிறுத்தினா இடம் கிடைக்கும்" என்றாள்.

பிறகு போட ஆரம்பித்தார்கள். ஆட்களுக்கு எழுத்து தெரியாது. எனவே அவள் பள்ளிக்கூடத்தில் செய்ததைச் செய்தாள். முன்னால் நடந்துகொண்டே வரிசையை ராகம் போட்டுச் சொன்னாள். ஆட்கள் திருப்பிச் சொல்லிக்கொண்டே பலகையைத் தூக்கினார்கள். அடுத்தது என்ன என்று வாயே சொல்லிவிடும், குறி எப்படி இருக்கும் என்று இரண்டு வரிசையில் கண்ணும் பழகிவிட்டது. காதில் ரிசீவரை வைத்தபடி, கன்னத்தில் கம்பளித் துண்டோடு, பன்னிரண்டு கெபெக் ஆட்கள் "த, தா, தி, தீ" என்று கத்துவதைக் கேட்டேன். டாக்டர் சுந்தரம் ரிசீவரைப் பிடுங்கி அவரும் கேட்டார். அன்று அவர் கிளினிக்குக்கு வெகு தாமதமாகப் போனார்.

ஞ வரிசையில்தான் தடுமாறினார்கள். "மதாம், இதைச் சொல்ல எங்க மூக்கு சரியில்லை" என்று ஒருவர் சொன்னது கேட்டது.

"உன் மூக்கு நல்லாத்தான் இருக்கு, தூக்கு!"

ள வரிசைக்கு வந்தபோது சத்தம் நின்றது. 'ளெ' பலகை இரண்டாகப் பிளந்திருந்தது. சர்க்கஸ் யானை மிதித்தது என்பது பொதுவான கருத்து. அது வடக்குக் கோலுக்கு நேர் முன்னால் வரவேண்டிய பலகை. வேறொன்றை அங்கே போட்டுப் புதிதாகத் துளையிட வேண்டும். எடுத்த இடத்தில், ஓரத்தில், சாதாரண ஒட்டுப்பலகையை வெட்டி வைத்துக்கொள்ளலாம். அப்போது யாரோ ரிசீவரை அதன் இடத்தில் வைத்துவிட்டார்கள். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

ஆட்ட நேரத்துக்கு வெகு முன்பே தரை முடிந்தது. என் முறையில் அதுவரை ஒரு தடவைகூட அப்படி முடிந்ததில்லை. இதை நானே எழுதி வைக்கிறேன்.

6. கோல்

ஆட்டத்தை வானொலியில் கேட்டேன். மூன்று பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் அணிகள் முனை மாறும். முதலிலும் மூன்றாவதிலும் எதிரணி வடக்கு முனையைக் காத்தது. நடுப்பகுதியில் அது எங்கள் முனை. அப்போது எங்கள் கோல்கீப்பர் வழக்கத்துக்கு மாறாக முன்னால் வந்து ஒரே இடத்தில் காலை ஊன்றி நிற்பதாக வர்ணனையாளர் இரண்டு தடவை ஆச்சரியப்பட்டார்.

மூன்றாம் பகுதியின் கடைசியில் இரண்டு அணிகளும் சமமாக நின்றன. எங்கள் இடக்கை ஆட்டக்காரர் ஒருவர் பந்தைக் கோலுக்கு முன்னால் தரையில் குத்தி எறிந்தார். அது எழும்பும் என்று எதிரணிக் கோல்கீப்பர் குச்சியையும் உடம்பையும் உயர்த்தினார். பந்து எழும்பவில்லை. வழுக்கிக்கொண்டு அவர் கால்களுக்கு நடுவே போயிற்று. வர்ணனையாளர் கத்திய கத்தலில் எங்கள் வானொலி மேசையிலிருந்து நகர்ந்தது.

எனக்குக் கன்னத்தின் வலி மறந்துவிட்டது. எழும்பாத பந்து எந்தப் பலகையில் விழும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பலகை இருக்க வேண்டிய இடம் அதுவல்ல.

அடுத்த சுற்றில் அணி தோற்றது. அது வேறு ஊர், வேறு தரை. சில காலத்தில் அணியே இல்லாமல் போயிற்று.

வீக்கம் இறங்கி நான் வேலைக்குப் போன அன்று டக்ளஸ் கூப்பிட்டார். நிரந்தரப் பணியிடம் வந்துவிட்டது என்றார். நான் நன்றி சொல்ல வாயைத் திறந்தேன்.

"மதாம் எப்ப சேரலாம்?" என்றார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சரோஜா சம்பளம் எவ்வளவு, ஐஸ் காலத்தில் என்ன வேலை, ரெயால் தன் கீழா தான் ரெயாலின் கீழா என்று மூன்று கேள்விகள் கேட்டாள். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து, கம்பளிக் கோட்டை வெளியே எடுத்து ஆணியில் மாட்டினாள். அந்த அரங்கத்தின் தரையை அவள் பல வருடங்கள் கவனித்துக்கொண்டாள். நான் அந்தச் சம்பளத்தில் பிரெஞ்சு வகுப்புக்குப் போய், பிறகுதான் பாலங்களுக்குப் போனேன்.

இளம் பொறியாளர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். உங்களுக்கு மட்டுமே புரியும் முறையில் ஒரு வேலையை அமைத்தால் உங்களை யாரும் அசைக்க முடியாது என்று நினைக்காதீர்கள். அந்த முறையை உங்களைவிட நன்றாக அறிந்தவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

ஒரு விஷயம் மிச்சம் இருக்கிறது. நான் திரும்பிப் போனதும் தரைக்கடியில் பார்த்தேன். வடக்குக் கோலுக்கு முன்னால் கிடந்தது 'யௌ'தான், புதுத் துளைகளோடு. ஓரத்தில் அத்தனை நல்ல பலகைகள் இருக்க, செத்த பலகையை அங்கே போடச் சொன்னது யார்? ரெயாலைக் கேட்டேன். "மதாம் கை காட்டினாங்க" என்றார். சரோஜாவைக் கேட்டேன். "ரெயால் எடுத்துக் குடுத்தாரு. எனக்குப் பலகையைப் பத்தி என்னங்க தெரியும்?" என்றாள். நேற்று மறுபடி கேட்டேன். பழைய பிரெஞ்சுத் தொடரின் மறு ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருந்தது, காதில் விழாதது போல இருந்தாள். இருவர் சொல்வதும் பொருந்தவில்லை. எனவே இது இன்றுவரை உறுதி செய்யப்படாத தகவல் என்றே குறித்துவைக்கிறேன்.